காட்டுக்குக் கணக்கு எழுதியவர்: டீட்ரிக் பிராண்டிஸ் யார்? ஜவ்வாது மலைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று அடுத்தடுத்து நாடுகள் வரும். இங்கே நாடு என்றால் மலைக் கிராமங்களின் கூட்டம். மலையாளி பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி இது. சாமை, தேன், புளி, பலா என்றால் இந்த மலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால் சந்தனம் என்பார்கள்.

இந்த மலையில் புதூரில் இருந்த ஒரு கோயில் காட்டைப் பற்றி, ஜெர்மனியில் பிறந்த ஒருவர் 19-ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்து ஏலகிரியில் இருந்த சாமி சோலையையும், சேர்வராயன் மலையின் கோயில் காடுகளையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறார். அவர் பெயர் டீட்ரிக் பிராண்டிஸ். இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரி. இன்று இந்தியாவில் ஒரு காப்புக்காட்டில் ஒரு மரத்தை வெட்ட வேண்டும் என்றாலும், வெட்டக் கூடாது என்றாலும், அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இவர் தொடங்கி வைத்தது.

ஒரு காட்டிலிருந்து எத்தனை மரம் எடுக்கலாம் என்ற கேள்விக்கு நல்ல விடை கண்டவர் அவர். அந்தக் காடு யாருடையது என்ற கேள்வியில் அவர் சொன்னது எடுபடவில்லை. இரண்டின் விளைவுகளும் இன்றுவரை நம்மோடு இருக்கின்றன.

யார் இந்த பிராண்டிஸ்?

1824-ல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தார். அப்பா தத்துவப் பேராசிரியர். கிரேக்க மன்னர் ஓட்டோவின் அழைப்பில் அப்பா ஏதென்ஸ் போனபோது, குடும்பமும் உடன் போனது. எனவே சிறுவன் டீட்ரிக்கின் பள்ளிப் பருவத்தில் ஒரு பகுதி ஏதென்ஸில் கழிந்தது. பிறகு கோபன்ஹேகன், கோட்டிங்கன், பான் பல்கலைக்கழகங்களில் படித்தார். பாடம் தாவரவியல். 25 வயதில் பான் பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளர்.

வனவியல் அவர் முறையாகப் படித்ததே இல்லை. அப்படியென்றால் இந்தியாவின் காடுகள் அவர் கைக்கு எப்படி வந்தன?

காரணம் ஒரு கல்யாணம். 1854-ல் ரேச்சல் மார்ஷ்மன் என்பவரை மணந்தார். வங்காளத்தின் செராம்பூரில் அச்சகமும் கல்லூரியும் நடத்திய மிஷனரி ஜோசுவா மார்ஷ்மனின் மகள் இவர். ரேச்சலின் அக்கா ஹன்னாவின் கணவர் ஹென்றி ஹாவ்லாக், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் பெயர் பெற்ற ராணுவ அதிகாரி. அவர் மூலம் இந்தத் தாவரவியலாளரின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபுவின் காதுக்குப் போனது. அந்த நேரத்தில் டல்ஹவுசிக்குத் தேவைப்பட்டது மரம் தெரிந்த ஓர் ஆள்.

தேக்குக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

1852-ல் நடந்த இரண்டாவது பர்மியப் போரில் பெகு பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பெகு என்றால் தேக்கு. அந்தக் காலக் கப்பல்கள் மரத்தால் ஆனவை. ஐரோப்பாவில் ஓக் மரம் குறைந்துகொண்டே வந்தது. தண்ணீரையும் கரையானையும் தாங்கும் தேக்கு, கப்பல் கட்டுபவர்களுக்குத் தங்கம் மாதிரி.

ஆனால் ஒரு பயம் இருந்தது. அதற்கு முன்பே, 1826-ல் பிடித்த டெனாசெரிம் பகுதியில் தனியார் வியாபாரிகளுக்குக் காட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். சில பத்தாண்டுகளில் எட்டும் தூரத்தில் இருந்த நல்ல தேக்கு எல்லாம் காலி. பெகுவுக்கும் அதே கதி வரக் கூடாது என்று அங்கிருந்த வன அதிகாரி ஜான் மெக்லெலண்ட் 1854-ல் அறிக்கை கொடுத்தார். மர வியாபாரிகள் கொதித்தார்கள். கடைசியில் மெக்லெலண்ட் பதவியை விட்டுப் போனார். ஆனால் அவர் அறிக்கையை ஒட்டித்தான் 1855-ல் டல்ஹவுசி தன் புகழ்பெற்ற வனக் குறிப்பை எழுதினார். அரசு நிலத்தில் உள்ள தேக்கு அரசுக்குச் சொந்தம் என்பது அதன் சாரம்.

1856 ஜனவரியில் பிராண்டிஸ் பெகுவில் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 31.

நான்கு மூங்கில் குச்சிகள்

முதல் பிரச்சினை எளிமையானது: காட்டில் எத்தனை தேக்கு இருக்கிறது? யாருக்கும் தெரியாது. நிலப்படம் இல்லை, ஆள் இல்லை, பாதை இல்லை. தேக்குக் காடு என்றாலும் தேக்கு மட்டும் அங்கே நிற்பதில்லை. மூங்கிலுக்கும் மற்ற மரங்களுக்கும் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும். ஒவ்வொன்றாக எண்ணி முடிக்க ஓர் ஆயுள் போதாது.

பிராண்டிஸ் செய்தது இன்றைய மொழியில் சொன்னால் சாம்பிள் சர்வே. யானை மேல் ஏறி ஒரு கோட்டில் போவார். பாதையின் இரு பக்கமும் குறிப்பிட்ட தூரத்துக்குள் தெரியும் தேக்கை மட்டும் எண்ணுவார். காட்டு ஈரத்தில் காகிதம் தாங்காது. அதனால் ஒரு கையில் நான்கு மூங்கில் குச்சிகள், இன்னொரு கையில் பேனாக்கத்தி. மரம் பெரியதா, நடுத்தரமா, சின்னதா என்று பார்த்து அதற்குரிய குச்சியில் ஒரு வெட்டு. சாயங்காலம் முகாமுக்கு வந்ததும் வெட்டுகளை எண்ணினால் அன்றைய கணக்கு தயார்.

நான்கு குச்சிகளும் நான்கு வகுப்புகள். மரத்தின் சுற்றளவு 6 அடியும் அதற்கு மேலும் என்றால் முதல் வகுப்பு. நாலரை அடி முதல் 6 அடி வரை இரண்டாம் வகுப்பு. ஒன்றரை அடி முதல் நாலரை அடி வரை மூன்றாம் வகுப்பு. அதற்கும் கீழே உள்ள கன்றுகள் நான்காம் வகுப்பு. தான் கடந்த துண்டு நிலத்தின் பரப்பு தெரியும், அதில் இருந்த மரங்களின் எண்ணிக்கை தெரியும். மொத்தக் காட்டுக்கும் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

24-ல் ஒரு பங்கு

அடுத்த கேள்விதான் முக்கியம்: வருஷத்துக்கு எத்தனை மரம் வெட்டலாம்?

வெட்டிய மரங்களின் அடிக்கட்டையில் உள்ள வளையங்களை எண்ணி, தேக்கு எவ்வளவு வேகத்தில் பருக்கிறது என்று அளந்தார். இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கு வந்தது. எனவே முதல் வகுப்பு மரங்களில் 24-ல் ஒரு பங்கை மட்டும் ஆண்டுதோறும் எடுக்கலாம் என்று விதி வைத்தார்.

ஓர் உதாரணத்துக்கு, ஒரு காட்டில் 2,400 பெரிய மரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 100 மரம் வெட்டலாம். 24 ஆண்டுகள் கழித்து அந்த 2,400-ம் தீர்ந்திருக்கும். ஆனால் அதற்குள் நடுத்தர மரங்கள் எல்லாம் பெரிய மரங்களாகியிருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். வங்கியில் போட்ட பணத்தின் அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பதைப் போன்றது இது. நடுத்தர மரங்கள் குறைவாக இருந்தால்? அப்போது வெட்டையும் குறைக்க வேண்டும். அதற்குத்தான் நான்கு குச்சிகள்.

இப்போது கேட்டால் இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அன்று ரங்கூன், மோல்மீன் வியாபாரிகளுக்கு இது பெரிய அடி. ஆற்றங்கரையில் கைக்கு எட்டும் பெரிய மரத்தை முதலில் வெட்டு, அது முடிந்தால் அடுத்த காட்டுக்குப் போ என்பதுதான் அவர்கள் வழக்கம். பிராண்டிஸ் மீது அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. 1860-களின் தொடக்கத்தில் பெகு காடுகளின் ஒரு பகுதியைத் தனியாருக்குத் திறக்க வேண்டியும் வந்தது. ஆனாலும் எந்த மரத்தை எடுப்பது என்ற முடிவை வியாபாரியிடம் விடக் கூடாது என்ற கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

வெட்டிய மரம் எப்படி ஊர் வந்து சேரும்?

மரம் வெட்டுவது பாதி வேலைதான். அதைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் மீதி. லாரியும் கிரேனும் இல்லாத காலம்.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. எனவே பர்மியர்கள் காலங்காலமாக ஒரு முறை வைத்திருந்தார்கள். நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் சுற்றிலும் வளையமாக வெட்டி விடுவார்கள். மேலே நீர் ஏறாது. மரம் நின்றபடியே காயும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வெட்டினால் எடை குறைந்திருக்கும், தண்ணீரிலும் மிதக்கும். இந்த முறையைப் பிராண்டிஸ் மாற்றவில்லை. ஆனால் எந்த மரத்துக்கு வளையம் போடுவது என்பதை வனத்துறை ஆள்தான் முடிவு செய்வார் என்று ஆக்கினார். அந்த ஒரு இடத்தில் பிடி இருந்தால் மொத்த வெட்டும் கட்டுக்குள் இருக்கும்.

பிறகு யானை வரும். கட்டையின் முனையில் துளை போட்டு, சங்கிலி கோத்து, ஓடை வரை இழுத்துப் போடும். மழைக்காலத்தில் ஓடை பெருகும்போது கட்டைகள் ஆற்றுக்கு இறங்கும். பாறையில் சிக்கிக் குவிந்தால் யானையே விலக்கிவிடும். பெரிய ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கோ மோல்மீனுக்கோ ஓட்டி வருவார்கள். மழை ஏமாற்றினால் கட்டை அங்கேயே இன்னொரு வருஷம் கிடக்கும். வளையம் போட்ட நாளிலிருந்து மரம் துறைமுகம் சேரப் பல ஆண்டுகள் ஆகலாம்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆனைமலையில் வெட்டிய தேக்கை மலை உச்சியிலிருந்து சரிவில் வழுக்கி விடுவார்கள். அந்த இடத்தின் பெயர்தான் டாப்ஸ்லிப்.

நெல்லும் தேக்கும்

பெகு மலைகளில் கரேன் மக்கள் காட்டின் ஒரு துண்டை வெட்டி, எரித்து, நெல் விதைப்பார்கள். ஓரிரு ஆண்டு கழித்து அடுத்த துண்டுக்குப் போவார்கள். பர்மிய மொழியில் இதற்குத் தௌங்யா என்று பெயர், அதாவது மலைச் சாகுபடி. ஜவ்வாது, கொல்லிமலைப் பக்கம் கொத்துக்காடு என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதே வகைதான்.

அன்றைய அதிகாரிகளுக்கு இது காட்டை அழிக்கும் குற்றம். தொடக்கத்தில் கரேன் மக்கள் மீது வழக்குகளும் போடப்பட்டன. பிராண்டிஸ் வேறு மாதிரி யோசித்தார். எரித்த நிலத்தில் நெல்லோடு சேர்த்துத் தேக்கு விதையும் ஊன்றினால்? நெல் அறுவடை ஆனதும் அவர்கள் அடுத்த இடத்துக்குப் போவார்கள், பின்னால் தேக்குத் தோப்பு நிற்கும். நட்டு வளர்த்ததற்குக் கூலியும் கிடைக்கும்.

முதலில் கரேன் மக்கள் நம்பவில்லை. தேக்கு வளர்ந்தால் நிலம் அரசுக்குப் போய்விடுமே என்று தயங்கினார்கள். அவர்கள் சந்தேகம் தவறும் இல்லை. மெதுவாக ஒப்பந்தங்கள் வந்தன, தோட்டங்கள் பெருகின. இந்த முறை பர்மாவிலிருந்து இந்தியாவின் பல பகுதிகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனது. இன்றைக்கு வேளாண் காடு பற்றிய பாடப்புத்தகங்களில் தௌங்யா தவறாமல் வருகிறது.

ரயில் வந்தது, காடு கரைந்தது

1862-ல் பிராண்டிஸை இந்திய அரசு கல்கத்தாவுக்கு அழைத்தது. காரணம், ரயில்.

1853-ல் பம்பாயில் முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1856-ல் சென்னை ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் ரயில் போனது. அந்தப் பாதை ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் வழியாக, ஏலகிரியை ஒட்டிச் சேலம் நோக்கி நீண்டு, 1862-ல் மேற்குக் கடற்கரையைத் தொட்டது. ஒரு மைல் தண்டவாளத்துக்குச் சுமார் 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டும். மருந்தேற்றாமல் வெயில், மழை, கரையானைத் தாங்கக்கூடிய மரங்கள் என்று பார்த்தால் தேக்கு, சால், தேவதாரு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவை சில வருஷத்தில் உளுத்துப்போகும், மறுபடி மாற்ற வேண்டும். போதாததற்கு, சென்னை ரயில்வேயின் என்ஜின்கள் நிலக்கரி எளிதில் கிடைக்காத காலத்தில் விறகில் ஓடின. ரயில் பாதை போன இடத்தில் எல்லாம் பக்கத்து மலைக் காடுகள் மெலிந்தன.

1864-ல் இந்திய வனத்துறை உருவானது. பிராண்டிஸ் அதன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல். அடுத்த ஆண்டே முதல் வனச் சட்டம் வந்தது. 1866-ல் ஜெர்மனியிலிருந்து வில்லியம் ஷ்லிக், பெர்டோல்ட் ரிப்பன்ட்ராப் என்ற இரண்டு இளம் வனவியலாளர்களை அழைத்து வந்தார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள் இவர்கள் இருவரும்தான். ஒவ்வொரு காட்டுக்கும் எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும், அதில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வெட்டலாம், எங்கே நட வேண்டும் என்று இருக்க வேண்டும் என்பதை வழக்கமாக்கினார். இதுதான் இன்று செயல் திட்டம் எனப்படும் வொர்க்கிங் பிளான்.

இதற்கிடையே சொந்த வாழ்க்கையில் இழப்பு. 1863-ல் ரேச்சல் இறந்துபோனார். 1867-ல் கத்தரீனா ஹாஸேயை மணந்துகொண்டார்.

காடு யாருக்குச் சொந்தம்?

1865 சட்டம் போதாது என்று 1870-களில் பெரிய விவாதம் நடந்தது. அதில் மூன்று பக்கங்கள்.

ஒரு பக்கம் பி.எச்.பேடன் பவல். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுக்கு அண்ணன் முறை. அப்பா ஒருவர், அம்மா வேறு. காடு முழுக்க அரசுக்குச் சொந்தம், மக்கள் இதுவரை விறகு எடுத்தது அரசு கண்டுகொள்ளாமல் விட்ட சலுகை மட்டுமே, அது உரிமை ஆகாது என்பது அவர் வாதம்.

நேர் எதிர்ப் பக்கம் மெட்ராஸ் மாகாண அரசு. இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத, மக்கள் அனுபவிக்காத காடு என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று வருவாய் வாரியம் 1871-ல் சொன்னது. ஆங்கிலேய அதிகாரிகளே சொன்னது இது.

நடுவில் பிராண்டிஸ். முக்கியமான காடுகளை அரசு எடுத்துக்கொள்ளட்டும். மீதியை ஊருக்கென்று ஒதுக்கி, கிராம வனமாக மக்களே பராமரிக்கட்டும் என்றார். ஐரோப்பாவில் ஊர்ப் பொதுக் காடுகள் நன்றாக இயங்குவதை அவர் பார்த்திருந்தார். இந்தியாவில் கோயில் காடுகளைப் பார்த்தபோது, காட்டைக் காக்க மக்களுக்குத் தெரியும் என்பதற்கு அவருக்குச் சான்று கிடைத்தது. அரிவாள் படாத மரங்கள் அங்கே நின்றன. காவலுக்கு அரசு ஆள் யாரும் இல்லை.

1878-ல் வந்த சட்டம் பெரும்பாலும் பேடன் பவல் பக்கம்தான் சாய்ந்தது. காப்புக்காடு, பாதுகாக்கப்பட்ட காடு, கிராமக் காடு என்று மூன்று வகை வைத்தார்கள். முதல் வகை வேகமாகப் பெருகியது. பிராண்டிஸ் விரும்பிய மூன்றாவது வகை பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது.

மெட்ராஸில் பிராண்டிஸ்

1878 சட்டத்தை மெட்ராஸ் ஏற்கவில்லை. அதனால் 1881-ன் இறுதியில் பிராண்டிஸையே இங்கே அனுப்பினார்கள். 1883 வரை மாகாணத்தின் காடுகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1882-ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான்.

அப்போது திருப்பத்தூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. புதூர் கோயில் காட்டையும் அவர் சேலம் மாவட்ட மலைகளின் பட்டியலில்தான் சேர்த்தார். இந்தச் சட்டத்தின்படி ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிக்கும் முன், வனத் தீர்வு அலுவலர் ஒருவர் வந்து மக்களின் உரிமைகளை விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குறிப்பிட்ட கெடுவுக்குள் மனு போட வேண்டும், ஆதாரம் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மலைக் கிராமத்தில் எத்தனை பேரால் அது முடிந்திருக்கும்?

ஜவ்வாது மலையில் சந்தனத்துக்கும் தனிக் கணக்கு இருந்தது. சந்தனத்தை மற்ற மரம் போல அடியில் வெட்டமாட்டார்கள். வேரிலும் எண்ணெய் இருப்பதால் வேரோடு தோண்டி எடுப்பார்கள். வெளிமரத்தைச் செதுக்கி, வாசனையுள்ள வைரத்தை மட்டும் தரம் பிரித்து, திருப்பத்தூர் கிடங்கில் ஏலம் விடுவார்கள். மலையில் மரம் இருந்தாலும் அதைத் தொட மலைக்காரருக்கு உரிமை இல்லை. தோண்டும் கூலிதான் அவருக்கு.

கணக்கில் விட்டுப்போனவை

பிராண்டிஸின் எல்லாக் கணக்கும் சரியாகவில்லை. காட்டுத்தீயை முழுக்க நிறுத்த வேண்டும் என்பதில் அவரது துறை பிடிவாதமாக இருந்தது. பர்மாவின் ஈரமான தேக்குக் காடுகளில் தீயை நிறுத்தியபோது புதர் மண்டியது, தேக்குக் கன்று முளைக்கவில்லை. வெளிச்சத்துக்கு ஏங்கும் மரம் தேக்கு. பல ஆண்டுகள் கழித்துத்தான் துறை அந்தப் பிடிவாதத்தைத் தளர்த்தியது. எரித்து விதைத்த மலை மக்களுக்கு இது முன்பே தெரிந்த விஷயம்.

இன்னொன்று மக்கள். குச்சியில் மரத்துக்கு வெட்டு விழுந்தது. அந்த மரத்தடியில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு குச்சி இல்லை. கிராமக் காடு வேண்டும் என்று அவர் வாதாடியது உண்மை. ஆனால் காட்டின் சாவியை அரசிடம் கொடுத்த துறையைக் கட்டியவரும் அவர்தான்.

அதன் நீண்ட நிழல் இன்றும் விழுகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். போலி மோதல் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்ந்தவர்கள்.

கடைசிப் புத்தகம்

1883-ல் ஓய்வு பெற்று பான் திரும்பினார் பிராண்டிஸ். போகும் முன்பே 1878-ல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. இந்தியர்களை வன அதிகாரிகளாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்று வலியுறுத்தி எழுதியும் வந்தார். டேராடூனில் 1906-ல் வன ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. கோவையில் 1912-ல் மெட்ராஸ் வனக் கல்லூரி தொடங்கியது.

பான் வீட்டில் அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவுக்குப் போக இருந்த ஆங்கிலேய மாணவர்களை ஜெர்மன் காடுகளுக்கு அழைத்துப் போய்ப் பாடம் நடத்தினார். 1889-ல் ஓர் அமெரிக்க இளைஞர் அவரைத் தேடி வந்தார். பெயர் கிஃபோர்ட் பின்ஷோ. 1905-ல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். அமெரிக்காவின் தொடக்க கால வனப் பள்ளிகளில் ஒன்றை 1898-ல் நிறுவிய கார்ல் ஷெங்க்கும் பிராண்டிஸின் சீடர். அதாவது அமெரிக்கக் காடுகளுக்குப் போன பாடத்தில் ஒரு பங்கு பெகுவில் எழுதப்பட்டது.

இந்திய மரங்கள் பற்றிய பெரிய நூலை 1906-ல் வெளியிட்டபோது அவருக்கு வயது 82. அடுத்த ஆண்டு, 1907 மே 28 அன்று பான் நகரில் இறந்தார். குடகு, கேரளப் பக்கம் இன்று பலர் வளர்க்கும் தடித்த மூங்கில் ஒன்றின் அறிவியல் பெயரில் பிராண்டிஸி என்று அவர் பெயர் இருக்கிறது.

இன்று என்ன மிச்சம்?

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. மத்திய அரசு ஒப்புதல் அளித்த செயல் திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது. நான்கு மூங்கில் குச்சிகளில் தொடங்கிய யோசனை, 140 ஆண்டுகள் கழித்து நாட்டுக்கே விதியானது. செயற்கைக்கோள் படம், ஜி.பி.எஸ். எல்லாம் வந்துவிட்டாலும், துண்டு நிலத்தில் எண்ணி மொத்தத்துக்குப் பெருக்கும் முறைதான் இன்றும் அடிப்படை.

அவர் தோற்ற வாதமும் திரும்பி வந்தது. 2006-ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம், பழங்குடிகளுக்கும் காட்டைச் சார்ந்து வாழும் மற்றவர்களுக்கும் வரலாற்றில் அநீதி நடந்தது என்று முகப்பிலேயே ஒப்புக்கொள்கிறது. தனிநபர் நிலத்துக்கு மட்டுமல்ல, ஊர் சேர்ந்து ஒரு காட்டைக் காத்துப் பயன்படுத்தும் சமூக உரிமைக்கும் அதில் இடம் உண்டு. 1870-களில் பிராண்டிஸ் கேட்ட கிராமக் காட்டுக்கு இது ரொம்பவும் பக்கம். தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கால் உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டுகள் தாமதமானது.

நெல்லிவாசல்நாட்டில் ஒரு கிராம சபை கூடித் தன் சமூகக் காட்டின் எல்லையைக் கோரினால், அதற்குச் சான்றாக ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழி செல்லும். பழைய அரசு ஆவணங்களும் செல்லும். புதூர் கோயில் காட்டைப் பற்றி இந்தியாவின் முதல் வனத் தலைவர் எழுதி வைத்த வரியையும் சேர்த்து நீட்டலாம்.